தனியா துன்னாத

கால்வாய்க்கரை கால்பந்து அணியின் பதினோரு பேரும் இடது காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். அந்தத் தட்டு எபினேசருடையது. கேலரியில் இருந்த வியாசர்பாடிப் பெரிசுகள் எழுந்து நின்றுவிட்டார்கள். எபினேசர் ஆடிய காலம் அப்படி. ஓரக்கோட்டில் மேலாளராக நின்ற அவரும், பதினோரு உடம்பில் தன் இளமையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கேட்டவர்களிடம் தூசி என்றார். செயற்கைப் புல்லில் ஏது தூசி?

காலறிவுக் காலுறை வந்த பிறகு பயிற்சி என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. காலுறையை மாட்டிக்கொண்டு ஒரு பகல் படுத்திருந்தால், வருடக்கணக்கில் கால் நரம்பில் ஊறிய பழக்கம் அத்தனையையும் அது உறிஞ்சிவிடும். உறிஞ்சியதை எத்தனை பேர் கால்களில் வேண்டுமானாலும் ஏற்றலாம். கொடுத்தவர் காலில்தான் ஒன்றும் மிஞ்சாது. அணியின் உரிமையாளர் மீனலோசனி, காலறிவைக் கொடுத்தால் மேலாளர் நாற்காலி என்றார். முட்டி தேய்ந்து உட்கார்ந்திருந்த எபினேசருக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து மனிதர் குனிந்து பார்க்காமல் ஒரு படி ஏறுவதில்லை. குடித்திருக்கிறார் என்று தெருவில் இரண்டு வீட்டில் பேச்சு. மனிதர் சோடாகூடக் குடிக்காதவர், பாவம்.

ஆனால் ஒன்றை எல்லோரும் மறந்திருந்தார்கள். எபினேசர் கோல் போட்டவர்தான். பந்தை யாருக்கும் கொடுத்தவர் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன எவர்சில்வர் டப்பாவும் எபினேசர் காலுக்குப் போன பந்தும் ஒன்று என்பார்கள் கூட ஆடியவர்கள். இப்போது அப்படிப் பதினோரு எபினேசர்கள். தங்களுக்குள்ளேயே பந்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோல் காப்பவன்கூடக் கோலைத் திறந்துபோட்டுவிட்டுப் பந்தோடு கிளம்பினான். பருவம் தொடங்கியதிலிருந்து ஒரு வெற்றி இல்லை. இன்றும் தோற்றால் நாற்காலி கிடையாது என்று மீனலோசனி சொல்லி அனுப்பியிருந்தார். கால் ஏற்கெனவே போயாயிற்று.

இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். எபினேசர் கத்தித் தீர்த்தார். தலைவன் தவசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குடுன்னுதாண்ணா மனசு சொல்லுது. காலு கேக்க மாட்டேங்குது. நீ கத்துனா இன்னும் வேகமா எதிர்ப்பக்கம் ஓடுது."

"ஏன்டா?"

"உன் காலுண்ணா. நீ எந்தக் கோச்சு பேச்சக் கேட்ட?"

எபினேசர் தண்ணீர் குடித்தார்.

கேலரியில் அவர் மனைவி ரூபாவதி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வேலை போனால் மனிதரைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே என்று வந்தவர், ஆட்டத்தைப் பார்க்கிற எண்ணமே இல்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஆனால் இரண்டாம் பாதியில் தவசீலன் இரண்டு பேரைத் தாண்டிப்போய் மூன்றாவது ஆளோடு மல்லுக்கட்ட, வலப்பக்கம் நம் ஆள் ஒருவன் அனாதையாகக் கை தூக்கி நின்றான். ரூபாவதிக்குப் பொறுக்கவில்லை. இருக்கைமேல் ஏறினார்.

"யோவ், தனியா துன்னாத!"

தவசீலனின் கால் திடுக்கிட்டது. பந்து வலப்பக்கம் போனது, அங்கிருந்து வலைக்குள்.

பெரிசுகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் ஐஸ் கம்பெனி மதில்மேல் உட்கார்ந்து இதே குரல் இதையே கத்தும். எவன் சொல்லியும் பந்து கொடுக்காத கால், அதற்கு மட்டும் கொடுக்கும். அப்புறம்தான் சர்ச்சில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். எபினேசர் இன்றுவரை, தற்செயலாகக் கொடுத்தது என்றுதான் சாதிப்பார்.

இப்போது அவர் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்து கேலரியின் கீழே வந்து நின்றார்.

"ரூபா, இன்னொருவாட்டி சொல்லு."

"எல்லாம் பாக்குறாங்கய்யா."

"பாக்கட்டும். சொல்லு."

தொண்டை கட்டும்வரை சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

மீனலோசனி இறங்கி வந்தார். எபினேசர் நீட்டிய கையைத் தாண்டிப் போய், நாளையிலிருந்து நீங்கள்தான் மேலாளர் என்று ரூபாவதியிடம் சொன்னார். கணவர் காலறிவைக் கொடுத்ததுபோல் ரூபாவதி எதையும் இழக்க வேண்டியதில்லை, குரல் மட்டும் போதும். ரூபாவதி கணவர் முகத்தைப் பார்த்தார். "வாய்யா, வூட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சொன்னது ஒருவரிடம். திரும்பியது பதினோரு பேர். காத்திருந்த அணிப் பேருந்தைத் தாண்டி, சர்ச்சைச் சுற்றி, டயர் கடைச் சந்தில் நுழைந்து, உடைந்த சாக்கடை மூடியைப் பார்க்காமலே தாண்டி, எபினேசர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"அண்ணி, நாங்க இன்னாத்துக்கு இங்க வந்தோம்?" என்றான் தவசீலன்.

ரூபாவதி அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உள்ளே போய்விட்டார்.

எபினேசர் கடைசியாக வந்து சேர்ந்தார், ஒவ்வோர் அடியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு. தன் வாசற்படிக்கு முன்னால் நின்றவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தவசீலன் காதருகே குனிந்தார்.

"டேய், நான் உள்ள போவும்போது எந்தக் காலடா மொதல்ல வைப்பேன்?"

தவசீலன் யோசிக்கவில்லை. அவன் கால் அதற்குள் படியேறியிருந்தது.