குழிக்கு மஞ்சள்

நிழலில் காயப் போட்ட மண் உலரவே இல்லை. ஆடிக் காற்று சன்னல் கதவைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட ஈர வேட்டி அரை மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிட்டது. ஆனால் நேற்று மத்தியானம் செய்தித்தாள் விரித்துப் பரப்பிய அந்த மண் மட்டும் இப்போதுதான் வெட்டி எடுத்ததுபோல் பளபளத்தது. ராஜாமணி தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். அடியில் தண்ணீர்க் கறை இல்லை. போண்டா மடித்த தாள் மாதிரி எண்ணெய் ஊறியிருந்தது.

அவன் விவசாயக் கல்லூரியில் மண் பாதுகாப்புப் படிப்பவன். அந்த எழுபத்தெட்டாம் வருஷம், வடக்குப்பட்டு கிராமத்தை ஒட்டிய சரிவு முழுவதையும் மழைத் தண்ணீர் அறுத்துப் போட்டிருந்தது. மாடு இறங்கி நின்றால் கொம்பு தெரியாத அளவுக்குப் பள்ளங்கள். நடுவில் கன்னியப்பனின் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. வரப்பும் இல்லை, மரமும் இல்லை, ஆனாலும் கரையவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் மேல்படிப்புக்கு இடம் நிச்சயம் என்று சொல்லித்தான் பேராசிரியர் சுப்பராயன் அவனை அனுப்பியிருந்தார்.

கன்னியப்பன் தன் வீட்டிலேயே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். மனைவி மீனம்மாளோடு பிள்ளைப்பாக்கத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"மேலாப்ல எது வேணா பாத்துக்கோ தம்பி. நோண்டாத."

அவர்கள் தலை மறைந்ததும் ராஜாமணி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டான். மேலே ஒரு சாண் செம்மண். அதற்கடியில், ஆட்டுக் கறியில் ஒட்டியிருக்கும் கொழுப்பைப்போல மஞ்சளித்த வெள்ளையில் ஒரு படலம். அதற்கும் கீழே கருஞ்சிவப்பு மண், வெதுவெதுப்பாக. குழியின் சுவரிலிருந்து மெல்லிய கறுப்பு வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தான். கிளை வேர் எதுவும் இல்லை. நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முடிச்சு. சீப்பில் சிக்கிய தலைமுடியில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறான். வேர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்துப் போட்டான்.

இப்போது அறைக்குள் அந்த வாடை நிறைந்திருந்தது. சாணி வாடை இல்லை, சேற்று வாடையும் இல்லை. காய்ச்சல்காரன் பல் விளக்காமல் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தால் வருகிற வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஒரு சோதனை பாக்கியிருந்தது. ஒரு சிட்டிகை மண்ணை முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்க வேண்டும். மணல் இருந்தால் நறநறக்கும்.

கடித்தான். நறநறக்கவில்லை. வெதுவெதுப்பாக நசுங்கி நாக்கில் வழவழவென்று பரவியது. உப்புக் கரித்தது. துப்புவதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது. அவன் விழுங்கவில்லை. அதுவாகவே இறங்கியது.

வாசற்படியில் மீனம்மாள் நின்றிருந்தாள். கல்யாண வீட்டுப் பூ இன்னும் தலையில் வாடாமல் இருந்தது. தாளையே பார்த்தாள்.

"எங்க வெட்டின?"

"நடுவுலக்கா. ஒரே ஒரு குழிதான்."

அவள் திட்டவில்லை. உள்ளே போனாள். சிறிது நேரத்தில் அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது.

"தாளோட எடுத்துக்கினு வா தம்பி," என்றார் வாசலில் வந்து நின்ற கன்னியப்பன். "ஒரு பொட்டு கூட வூட்ல தங்கக் கூடாது."

கிராமத்து நம்பிக்கை என்று நினைத்தான். சொல்லைத் தட்டிய வெட்கம் வேறு. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நேற்று அவன் உள்ளே நின்று கையை வீசிய குழி, இன்று ஒரு கூடை அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. சுவர்கள் உள்பக்கமாக வீங்கியிருந்தன. விளிம்பெல்லாம் கருஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டி, அதன்மேல் ஈ மொய்த்தது. மீனம்மாள் குந்தி உட்கார்ந்தாள். கிண்ணத்திலிருந்த மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து விளிம்பில் தடவினாள். குழந்தையின் புண்ணுக்கு ஊதுவதுபோல ஊதினாள்.

"ஆயிடுச்சி. தோ, ஆயிடுச்சி."

அவள் விரல் பட்ட இடத்தில் தரை வெடுக்கென்று சுருங்கியது. எங்கோ கொல்லைக் கோடியில் வேர்க்கடலைச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிலிர்த்தன. காற்று நின்றுபோயிருந்தது.

ராஜாமணி தாளை உதறினான். மண் உள்ளே விழுந்தது. சுவர்கள் நெருங்கின. சப்பென்று ஒரு சத்தம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை மட்டும் மூடாமல் நின்றது. அதன் ஓரம் ஈரமாக இருந்தது. லேசாகத் திறந்தது. மூடியது. திறந்தது.

"இன்னும் கீது," என்றார் கன்னியப்பன்.

"இல்லண்ணே. அவ்ளோதான்."

"மூடலியே."

மீனம்மாள் எழுந்து வந்தாள். மஞ்சள் விரலால் அவன் மோவாயை நிமிர்த்தி, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தாள்.

"வாய்ல போட்டியா?"

அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். திரும்பி ஓடப் பார்த்தான்.

"குனி தம்பி." கன்னியப்பனின் குரல் கனிவாக இருந்தது. கை பிடரியில் விழுந்தது. "தானா வந்துரும்."

குமட்டியது. காலையில் தின்ற களி வந்தது. பித்தம் வந்தது. பிறகு சிவப்பாக வந்தது. துளை எல்லாவற்றையும் குடித்தது. மூடவில்லை.

பிடரியில் கை இறுகியது. முகம் தாழ்ந்தது. அந்த வாடை. அந்தச் சூடு. ஈரமான விளிம்பு அவன் உதட்டைத் தேடிப் பிடித்தது. உறிஞ்சியது.

மீனம்மாள் மீண்டும் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். அவன் கன்னமும் தரையும் ஒட்டிக்கொண்ட இடத்தைச் சுற்றி, மெதுவாக, நோகாமல், மஞ்சள் பூசத் தொடங்கினாள்.