நீலக் கோட்டின் வலது பை

புதன்கிழமை, காலை 9.05

ரயில் நிலையத்தின் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு அன்று வந்து சேர்ந்தவை: ஏழு குடைகள், ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட், மடக்கிய வெள்ளைக் கைத்தடி ஒன்று. பல்செட்டைத் தொலைத்தவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார் என்று யோசித்தால் சாவியக்காவுக்குச் சாதாரணமாகச் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. நேற்று ஏரிக்கரையில் கிடைத்த ஒரு நீல மழைக்கோட்டின் போட்டோ அவள் போனில் இருந்தது. அது காணாமல் போனவளின் கோட்டுதானா என்று அதன் கீழே நானூறு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி ஆடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். இருபத்திரண்டு வருடமாக அதே கவுண்டர். குடையையும் பையையும் உரியவரிடம் சேர்க்கலாமே என்று அவள் போனில் ஒரு குரூப் தொடங்கினாள். ஒன்பது நாளுக்கு முன் ஒரு ரொட்டிக்காரன் அதில் எழுதினான்: "என் அக்காவைக் காணவில்லை. வயது நாற்பத்தொன்று. பழைய துணிகளைத் திருத்தித் தைப்பவர். நீல மழைக்கோட்டு போட்டிருந்தார்."

முந்நூறு பேர் இருந்த குரூப்பில் இப்போது நாலாயிரம் பேர். முதல் வாரம் நல்லபடியாகத்தான் போயிற்று. பஸ் நிலையம், மருத்துவமனை, ஏரிக்கரை என்று முறைபோட்டுத் தேடினார்கள். அப்புறம் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுக் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார்கள்.

சாவியக்கா அப்போதே ஒரு சட்டம் போட்டாள்: 'ஆதாரம் இல்லாமல் யாரையும் குற்றவாளி என்று எழுதக் கூடாது. எழுதினால் குரூப்பை விட்டு நீக்குவேன்.'

யாரும் எழுதவில்லை. படமாகப் போட்டார்கள். 'கழுகுக்கண்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆசாமிதான் திங்கட்கிழமை தொடங்கி வைத்தார். ரொட்டிக்காரனின் கைத்தழும்பு, அக்காவின் காலில் காயம், குப்பைக்கூடையில் மிஞ்சிய கோப்பைத் துண்டுகள், தோட்டத்தில் புதிதாகக் கிளறிய மண், அவள் விட்டுப்போன சீட்டு, அதற்குப் பக்கத்தில் அவளுடைய பழைய அளவு நோட்டு. வீட்டில் தேடப் போனபோது எடுத்தவையும் பழையவையுமாக மொத்தம் ஆறு படம். எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு. கீழே ஓர் எழுத்துக் கிடையாது. பதிலுக்கு வந்தவையும் முறைக்கும் முகங்களும் கத்திப் படங்களும்தான். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட எரிச்சலில் சாவியக்கா பல்லைக் கடித்தாள்.

வேலையைப் பார்ப்போம் என்று வெள்ளைக் கைத்தடியை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த முகவரி அவளுக்குப் பழக்கமானது. ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில், பார்வை குறைந்தவர்களுக்கு ஆறு வாரம் தங்கவைத்து நடை பழக்கும் ஓர் இல்லம். புதிதாகப் பழகுகிறவர்கள் தடியை மறந்து இறங்கிவிடுவார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டாவது இங்கே வந்துவிடும். வகுப்பு நேரத்தில் அங்கே யாரும் போன் எடுப்பதில்லை. இடைவேளை காலை 10.40, பிற்பகல் 3.40, இருபது நிமிடம்தான். தடியை ஓரமாக வைத்தாள்.

காலை 9.30

ரொட்டிக்காரன் வந்து கவுண்டரின் மேல் ஒரு காகிதப் பையை வைத்தான். இரண்டு சூடான பன். வெறுங்கையோடு வர அவனுக்கு மனசு வருவதில்லை. இருபத்தெட்டு வயதுதான். இந்த ஒன்பது நாளில் தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

"கோட்டு இங்க வந்துச்சாக்கா?"

"அது போலீஸ்கிட்ட இருக்கு. உக்காரு தம்பி."

"நேரமில்லக்கா. சாயங்காலம் தோட்டத்தைத் தோண்டிப் பாக்க வர்றாங்க." அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

"நினைச்சா உன் பன்னைத் தின்னுட்டு இருப்பேனா? கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தோட்டத்துல என்ன புதைச்ச?"

"உடைஞ்ச கோப்பை. குப்பைக்கூடையில போட்டா ஒண்ணு ரெண்டு துண்டு சிதறுது. அக்கா வெறுங்காலோட நடப்பா. அதான் எல்லாத்தையும் எடுத்துக் குழி தோண்டிப் போட்டேன்."

"எத்தனை கோப்பை?"

"ரெண்டு மாசத்துல பதினொண்ணு."

"சண்டையா?"

"எங்களுக்குள்ள என்ன சண்டை. கை தவறிடுச்சுன்னு சொல்லுவா. மேசையில வச்சேன்னு சொல்லுவா, தரையில கிடக்கும்."

"கால்ல காயம்?"

"முட்டிக்கிட்டது. ஒரு நாள் நாற்காலி, ஒரு நாள் கட்டில். வீடு சின்னதுடான்னு திட்டுவா. பதினஞ்சு வருசமா அதே வீடு, அதே நாற்காலி."

"வேற என்ன மாறுச்சு வீட்டுல?"

அவன் யோசித்தான். "எல்லா ரூம்லயும் பெரிய பல்பா மாட்டச் சொன்னா. அப்புறம் தினமும் நான் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இருபது ஊசியில நூல் கோத்து வைக்கணும். வேலை ஜாஸ்தி, நேரம் மிச்சமாகும்னு சொன்னா."

சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். 'நான் நல்லா இருக்கேன். தேடாதே. நீ கிளம்பு.' பெரிய பெரிய எழுத்துகள். வரியை விட்டு இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அளவு நோட்டில் இருந்ததோ எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. தம்பியே எழுதிய போலிச் சீட்டு என்பதுதான் அந்தச் சிவப்பு அம்பின் பொருள்.

"'நீ கிளம்பு'ன்னா எங்க?"

"வெளிநாட்டுல ஒரு பெரிய பேக்கரியில தலைமை வேலை. அடுத்த மாசக் கடைசியில சேரணும். நான் போகலன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். அப்பா அம்மா போனப்புறம் என்னை வளர்த்தது அவதான். முன்னாடி அவ கால் ஒடிஞ்சப்பவும் ஒரு வேலையை விட்டேன். அதுக்கே ஒரு மாசம் முகங்கொடுத்துப் பேசல."

சாவியக்கா போனில் ஒரு செய்தியைத் தேடி எடுத்தாள். 'தூறல்' என்ற பெயரில் வந்தது. கோட்டின் நிறம் கடல்நீலமா ஊதாவா, வெயிலில் வெளுத்ததா என்று நானூறு பேர் எழுதித் தள்ளிய இடத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத ஒரே செய்தி: 'கிடைத்த கோட்டின் வலது பையில் கையை விட்டுப் பாருங்கள் அவள் கோட்டில் அந்தப் பை அடியில் கிழிந்திருக்கும் சாவியைப் போட்டால் உள்துணிக்குள் இறங்கிவிடும் கீழ்ஓரத்தைப் பிடித்து மேலே தள்ளித்தான் எடுக்க வேண்டும்'. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை.

"உங்க அக்கா கோட்டுல வலது பை கிழிஞ்சிருக்குமா?"

"எனக்கே தெரியாதே. அக்கா தையல்காரிக்கா. கிழிஞ்ச பையை அப்படியே விடுவாளா?"

சாவியக்கா பன்னைக் கீழே வைத்துவிட்டாள். "வீட்டுக்குப் போ. நான் வர்றேன். போனைக் கையிலயே வச்சிரு."

காலை 10.40

தடியைப் பற்றிச் சொல்ல அந்த இல்லத்துக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தார்கள். பின்னால் மணி அடிப்பதும் பலர் சிரித்துக்கொண்டே வெளியே வருவதும் கேட்டது. கைத்தடியைத் தவிர வேறு எதையும் அவள் கேட்கவில்லை. கேட்க வாய் வரைக்கும் வந்தது.

தூறலின் செய்திகள் மொத்தம் இருபத்துமூன்று. ஒவ்வொன்றாக நேரம் பார்த்தாள். 10.44. 3.51. 10.52. 3.43. ஒன்றுகூட அந்த இல்லத்தின் இரண்டு இடைவேளைகளுக்கு வெளியே இல்லை. தூறலுக்குத் தனியாக ஒரு நீளமான செய்தி எழுத உட்கார்ந்தாள். முடிக்கும்போது 11.30. அன்று காலை இடைவேளை போய்விட்டது. இனி 3.40 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிற்பகல் 3.25

தோட்டத்தில் இன்ஸ்பெக்டரும் மண்வெட்டியோடு இரண்டு பேரும் நின்றார்கள். மதில் மேல் வரிசையாகப் பக்கத்து வீட்டுத் தலைகளும் போன்களும். ரொட்டிக்காரன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"சார், கொஞ்ச நேரம் பொறுங்க," என்றாள் சாவியக்கா.

"பொறுத்துத்தாம்மா ஒன்பது நாள் இருந்தேன். வயசு வந்தவங்க, சீட்டு எழுதிட்டுப் போயிருக்காங்கன்னு விட்டேன். உங்க ஆளுங்க நாலாயிரம் பேரும் மாத்தி மாத்தி ஸ்டேஷனுக்குப் போன் பண்றாங்க. என் பொண்டாட்டியும் அந்தக் குரூப்புல இருக்கா."

"உடைஞ்ச கோப்பை, கால்ல காயம், கோணல் எழுத்து. எல்லாத்தையும் அடிதடின்னு படிச்சோம். அடிதடியை எடுத்துட்டு, அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னு வச்சுப் படிச்சுப் பாருங்க. பெரிய பல்பு எதுக்கு? தையல்காரிக்குத் தம்பி எதுக்கு நூல் கோத்துக் கொடுக்கணும்? சொந்தக் கோட்டுப் பை ஏன் கிழிஞ்சே கிடக்கணும்?"

படியிலிருந்து, "இருபது ஊசி," என்று ரொட்டிக்காரன் மெல்லச் சொன்னான். தினமும் கோத்தும் அவன் தெரிந்துகொள்ளவில்லை.

"ஏரிக்கரைக் கோட்டுல எந்தப் பையும் கிழியல. இவங்க கோட்டுல பை கிழிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூறல்னு ஒருத்தர் எழுதினாங்க. என் கவுண்டருக்கு வர்றவங்ககிட்ட நான் பொருளோட நிறத்தைக் கேக்க மாட்டேன் சார். அது தூரத்துல நின்னு பார்த்தவனுக்கும் தெரியும். உரியவங்க உள்ள இருந்து சொல்லுவாங்க. வார் தோள்ல உறுத்தும், ஜிப்பு பாதியில நிக்கும்னு. இந்தப் பை கிழிஞ்சது கூடவே இருக்கிற தம்பிக்கே தெரியாது. கோட்டைப் போட்டவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்போ அந்தத் தூறல்..."

"தையல்காரம்மாவேதான்."

ரொட்டிக்காரன் எழுந்து நின்றான். "உயிரோட இருக்காளா?"

"இருக்காங்க தம்பி."

"இருந்தா, தம்பியை இப்படி நார்நாராக் கிழிக்கிறதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருந்தாங்க?" இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது.

"பார்க்கலையே சார். நாம தவறவிட்டது அதைத்தான். இருபத்துமூணு செய்தியில ஒண்ணுகூட ஒரு படத்தைப் பத்தி இல்ல. அவங்க பேசினா போன் எழுதிக்கும், வந்த எழுத்தைப் படிச்சுக் காட்டும். படம் வந்தா 'படம்'னு மட்டும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடும். கோட்டைப் பத்தி எழுத்துல சண்டை போட்டாங்க, அது காதுல விழுந்துச்சு. தம்பி மேல போட்ட பழி எல்லாமே படம்."

"குற்றவாளின்னு நான் யார் பேரைத்தான் எழுதறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பேரை எழுதுங்க. பழியை எழுதக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான். எழுதியிருந்தா அன்னைக்கே அவங்களுக்குக் கேட்டிருக்கும்." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. "ஆறு படத்துலயும் என்ன இருக்குன்னும், இன்னைக்குப் போலீஸ் இங்க தோண்டப் போறாங்கன்னும் அவங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கேன். எங்க இருக்காங்கன்னு ஊகம் இருக்கு, ஆனா நான் சொல்ல மாட்டேன். அவங்களே சொல்லட்டும். மூணு நாப்பதுக்கு அப்புறம் போன் வரணும்."

3.40 ஆயிற்று. 3.42. மதில் மேல் யாரோ சிரித்தார்கள். தன் கணக்குத் தப்பியிருந்தால் இந்தப் பையன் கதி என்ன என்று சாவியக்கா அவன் போனையே பார்த்தாள்.

3.46-க்கு ரொட்டிக்காரனின் போன் அடித்தது. பதற்றத்தில் எதையோ அழுத்த, அக்காவின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட குடுடா. பதினொரு கோப்பையையும் உடைச்சது நான்தான்னு சொல்றேன்."

அவன் போனை யாரிடமும் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பேசுடா."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அடுப்பை அணைச்சிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துடுவ. தனியா நடக்கக் கத்துக் கொடுக்கிற இடத்துல இருக்கேன். ஆறு வாரம். நடந்து வந்து நின்னுட்டு அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். ஏரியில ஆள் இறங்கித் தேடுறாங்கன்னு கேட்டதும் பதறிப்போய்தான் புது நம்பர்ல அந்தக் குரூப்புல நுழைஞ்சேன். உன் குரலைக் கேட்டா திரும்பி வந்துடுவேன்னு பயம், அதான் பேசல. உன்னைச் சொல்றாங்கன்னு சத்தியமா தெரியாதுடா. தப்புதான்."

"கண்ணு எவ்வளவு..."

"ஓரமெல்லாம் போயிடுச்சு. நடுவுல கொஞ்சம் இருக்கு. அதுக்குள்ள உன் மூஞ்சி அடங்கும்."

அவன் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக அழுதான். மண்வெட்டிக்காரர்கள் மரத்தைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மதில் பக்கம் திரும்பி, "எல்லாரும் இறங்குங்க, சுவர் இடிஞ்சுடப் போகுது," என்றார்.

அன்று மாலை குரூப்பில் சாவியக்கா எழுதினாள்: 'ஆள் நலம். எங்கே என்பது நமக்கு வேண்டாம். இனிமேல் படம் போடுகிறவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று கீழே எழுத வேண்டும்.' முதல் பதில் கழுகுக்கண்ணிடமிருந்து வந்தது. ஒரு சின்னப் படம். இரண்டு நிமிடம் கழித்து அதன் கீழே: 'கும்பிடும் கைகள்.'

ஐந்து வாரம் கழித்து, சனிக்கிழமை, காலை 11.20

தையல்காரி ரயிலிலிருந்து தானாக இறங்கினாள். கை கொடுக்கக் கூடாது என்று போனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ரொட்டிக்காரன் இருபதடி தள்ளி ஒரு தூணருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வெள்ளைத் தடி ஒரு முறை பெஞ்சில் இடித்தது. அவன் ஓரடி முன்னால் வைத்துவிட்டு, பின்னால் எடுத்தான். அவள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு நேரே வந்தாள்.

"தூணுக்குப் பின்னால ஒளியாத. ரொட்டி வாசனை அடிக்குது."

அவனோடு நேராகச் சாவியக்காவின் கவுண்டருக்கு வந்தாள். நீலக் கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வலது பைக்குள்ள கை விட்டுப் பாருங்க."

சாவியக்கா விட்டுப் பார்த்தாள். விரல் அடித்துணியில் முட்டி நின்றது. இறங்கிப் போக வழியில்லை.

"தையல் கோணலா?"

"கொஞ்சம்."

"இருக்கட்டும். நூல் நானே கோத்தேன்."

ரொட்டிக்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டைப் பையில் அந்தச் சீட்டு இன்னும் இருந்தது. 'நீ கிளம்பு' என்ற அதன் கடைசி வரிக்கு அவன் அதுவரை பதில் சொல்லவில்லை.

"திங்கட்கிழமை ஏர்போர்ட் போற ரயிலுக்கு டிக்கெட் எடுக்கட்டுமாக்கா?" என்றான்.

"எடு," என்றாள் அக்கா. "ஸ்டேஷனுக்கு வந்து ஏத்தி விடறேன்."