விரலால் இழுத்த வழி

நேற்று அழித்த தடம் இன்று மத்தியானம் மறுபடியும் திரையில் கிடந்தது.

மஹாத் வண்டியைவிட்டு இறங்காமல் கைப்பேசியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். மலைவழிச் செயலியில் அவன் பெயருக்குக் கீழே, அவன் நடந்து பதிவுசெய்த மற்ற தடங்களோடு தடமாக, ஷிஹைத் ஊற்றுக்கு இறங்கும் சிவப்புக் கோடும் எதுவும் நடக்காததுபோல் இருந்தது. அழித்தது நிச்சயம். நிரந்தரமாக நீக்கவா என்று செயலி கேட்டதும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்று ஆம் என்று அழுத்தியதும், உள்ளே இவ்வளவு நேரமாக என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கதவைத் தட்டியதும் நன்றாக ஞாபகம் இருந்தது. மலைமேல் சிக்னல் சரியில்லை, பழையதைக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினான்.

வெளியே கரீஃப் மழைக்காலம். கடலிலிருந்து ஏறிவந்த மேகம் ஸலாலா மலைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. தூறல் என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. நின்ற இடத்திலேயே ஆளை நனைத்தது. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ மாடுகள் கழுத்தை உதறிக்கொண்டு புல்லைப் பறிக்கும் சத்தமும், ஈரச் சாணத்தின் வாடையும், யாரோ மூட்டிய விறகின் புகையும் வந்தன.

மேட்டின் ஓரத்தில் மஸ்கட் எண் போட்ட வெள்ளை வண்டி நின்றது. அதில் வந்த ஹுமைத் என்பவர்தான் காணாமல் போனவர். மழை பார்க்க மனைவியோடு வந்தவர், நேற்றுக் காலை ஊற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக இறங்கினார். திரும்பவில்லை. அந்தச் செய்தி நேற்று மாலை காதில் விழுந்ததும்தான் மஹாத் தடத்தை அழித்தான். மேகத்துக்குள் ஹெலிகாப்டர் வர வழியில்லை. போலீஸ்காரர்கள் மாட்டுப்பாதை இருக்கும் மேற்கு ஓடையில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹுமைத் மேற்கே போகவில்லை என்பது மஹாத்துக்கு மட்டும் தெரியும்.

தெரிந்த விதம் இதுதான். இந்த மேட்டிலிருந்து ஊற்றுக்குச் செயலியில் இருந்த ஒரே தடம் அவன் போட்டது. மழைக்கு முன்னால், மலை காய்ந்து கிடந்தபோது, மஹாத் இந்த மேட்டிலிருந்து ஊற்றுக்குப் போனான். பாதி வழியில், ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றபோது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து நேரே போக முடியாது, செங்குத்துப் பள்ளம். மேற்கே சுற்றி மாட்டுப்பாதையில் இறங்கினான். ஊற்றடியில் ஒரு மாட்டுக்காரரின் வண்டியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மீதியைப் பதிவு செய்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தடம் நடுவில் அறுந்து கிடந்தது. அறுந்த தடத்துக்கு யார் நட்சத்திரம் போடுவார்கள்? டீ ஆறுவதற்குள் இரண்டு முனைகளையும் விரலால் இழுத்துச் சேர்த்தான். கீழே இருந்த கட்டத்தில், நானே நடந்து பதிவு செய்தது என்று டிக் போட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. பள்ளத்தின் மேல் ஒரு கோடு.

பழக்கப்பட்ட கண்ணுக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கால் நடந்த கோடு ஒருபோதும் நேராக இருக்காது. கல்லைச் சுற்றும், முள்ளுக்கு ஒதுங்கும், மூச்சு வாங்க நின்ற இடத்தில் நூல்கண்டாகச் சிக்கிக்கொள்ளும். விரலால் இழுத்ததுதான் அளவுகோல் வைத்ததுபோல் போகும். ஆனால் யார் பார்த்தார்கள்? மஹாத் போட்ட வழியா, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று எழுதி எழுதி நட்சத்திரம் கொடுத்தார்கள். அவனும் வெட்கமில்லாமல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான்.

"வா மச்சான் வா! துரைக்கு இப்பதான் விடிஞ்சுதா?"

குரலுக்குப் பின்னால் பக்கீத் மேகத்துக்குள்ளிருந்து வந்தான். மஹாத்தின் மனைவிக்குத் தம்பி. இந்த மேட்டிலேயே மாடு வைத்திருப்பவன். ஊர்ப் பிள்ளைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தேடக் கிளம்பியிருந்தான். அவனுக்குப் பின்னால் அபாயா அங்கியின் விளிம்பெல்லாம் சேறாக ஒரு பெண் நின்றாள்.

"இவங்கதான் அவரு சம்சாரம், நஸ்ரா," என்றான் பக்கீத். "அம்மா, நான் சொன்னேன்ல, எங்க அக்கா வீட்டுக்காரர். இந்த மலைக்கே வழி போட்டவரு."

அவள் தூங்காத கண்ணால் அவனைப் பார்த்தாள். "அண்ணே, நீங்கதானா மஹாத்? நேத்து உங்க பேரைச் சொல்லித்தான் கிளம்பினாரு. இவரு நடந்த வழின்னா பயமில்லைன்னாரு. ராத்திரி போலீஸ்காரங்களுக்குக் காட்டலாம்னு தேடினா அந்த வழியைக் காணோம். நீங்க எடுத்துட்டீங்களா?"

"இல்லையேம்மா," என்றான் மஹாத். "சிக்னல் கோளாறா இருக்கும்."

சொன்ன பிறகு முகம் சுட்டது. அவள் நம்பிவிட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மச்சான் போட்ட வழில கன்னுக்குட்டிகூடத் தவறாது," என்றான் பக்கீத். "உங்க வீட்டுக்காரர் மேற்கால எங்கியாவது ஒதுங்கியிருப்பாரு. கால் சுளுக்கிக் குகைல உக்காந்து எவன்கிட்டயாவது ஒட்டகப்பால் வாங்கிக் குடிச்சிட்டு இருப்பாரு. பாருங்க, தொப்பையோட வருவாரு."

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். மேற்கே வேண்டாம், தட்டைப் பாறைக்குக் கீழே பள்ளத்தில் பாருங்கள், தப்பு என்னுடையது. அந்த மனிதர் கால் உடைந்து உயிரோடு கிடந்தால் இந்த ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றும். மஹாத் வாயைத் திறந்தான்.

"நீங்க மேற்கால போங்க. நான் இந்தப் பக்கம் சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றேன்," என்றான்.

தானே போய்க் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நல்லவேளை நீ போனாய் என்றுகூடச் சொல்வார்கள்.

"தனியாவா? சரி, நீ இருக்கிற இடத்தை போன்ல எங்களுக்குத் தெரியற மாதிரி வச்சுக்க. அப்புறம் மச்சான், நகரத்துல உக்காந்து உக்காந்து மறந்திருப்ப. மேகத்துக்குள்ள கூப்பிட்டா பதிலுக்கு அவனவன் சொந்தப் பேரைச் சொல்லணும். சொந்தப் பேரைச் சொல்லாத குரல்கிட்ட போகாத."

"தெரியும்டா," என்று சொல்லிவிட்டு மஹாத் இறங்கினான்.

முதல் சரிவில் புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது. காய்ந்த மாதத்தில் கல்லும் முள்ளுமாகப் பல்லைக் காட்டிய மலை இப்போது பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டு எது தரை, எது விளிம்பு என்று காட்டாமல் கிடந்தது. காலடியில் சேறு உறிஞ்சியது, மேலே மரங்கள் சொட்டின, காலையில் மனைவி சட்டைக்குக் காட்டிய சாம்பிராணிப் புகையின் மணம் ஈரத்தில் கிளம்பிக் கிளம்பி அடங்கியது. பக்கீத்தின் ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் மேகத்தில் கரைந்துபோக, தன் மூச்சும் தன் செருப்பும் மட்டும் கேட்கும் அந்த வெள்ளைக்குள், திரையைப் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாமல் நடந்தான்.

திரையில் ஏதோ சரியில்லை.

நின்றான். ஈரத் திரையைத் துடைத்துவிட்டுக் கோட்டைப் பெரிதாக்கினான். தான் நடந்த பகுதி வளைந்து நெளிந்து ஒழுங்காக இருந்தது. தான் இழுத்த பகுதி, பள்ளத்துக்கு மேலே போகும் நேர்க்கோடு, நேராக இல்லை. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டும் லேசாக நெளிந்திருந்தது. எதையோ சுற்றியதுபோல் ஒரு வளைவு. மூச்சு வாங்க நின்றதுபோல் ஒரு சிக்கல்.

அதற்கப்பால் நேர்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நெளிவு இன்னும் கொஞ்சம் நீண்டது.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்தான். ஈரம் உள்ளே போயிருக்கும். திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது. போனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பள்ளமே மேல். இறங்கினான்.

தட்டைப் பாறை வந்தது. அவன் தின்றுபோட்ட பேரீச்சங்கொட்டைகள்கூட இடுக்கில் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் சேற்றில் பூட்ஸ் கால் தடங்கள். பெரிய பாதம், புது பூட்ஸ். அவை விளிம்பை நோக்கிப் போயின. தயங்கவில்லை, சறுக்கவில்லை. கடைத்தெருவில் நடப்பதுபோல் ஒரே சீராகப் போய், கடைசித் தடத்தில் குதிகால் எழுந்து முன்பாதம் அழுந்தி, அடுத்த அடி வைக்கக் கிளம்பியிருந்தது. விளிம்பில் ஒரு புல்கூட ஒடிந்திருக்கவில்லை.

"ஹுமைத்!" என்று கத்தினான்.

மேகம் சத்தத்தை விழுங்கியது. பிறகு பதில் வந்தது. கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுபோல் வந்தது. கீழேயிருந்து வரவில்லை. நேர் எதிரிலிருந்து.

"மஹாத்."

அவன் ஓர் அடி பின்வாங்கினான். கையில் போன் அதிர்ந்தது. வழியைவிட்டு விலகுகிறீர்கள் என்று திரையில் எழுத்து வந்தது. இன்னோர் அடி. மறுபடி அதிர்ந்தது. அந்த அதிர்வோடு மணியும் சேர்ந்து அடிக்க, பதறிக் காதில் வைத்தான். பக்கீத்.

"மச்சான், கில்லாடிடா நீ! பள்ளத்தையே பாதி தாண்டிட்டியே. உன் புள்ளி சும்மா விர்ருனு போகுது."

"நான் நின்னுக்கிட்டு இருக்கேன்டா."

"என்னது? சத்தம் விட்டு விட்டு வருது. கேளு, அந்தம்மா போன்ல வழி திரும்ப வந்துருச்சு. மேற்கால ஒண்ணும் இல்ல, அதான் உன் வழியப் புடிச்சிட்டு எல்லாரும் பின்னாடியே வர்றோம். அந்தம்மாவும் வர்றாங்க. மேலேயே இருங்கன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

"வராதீங்க."

"ஏன்?"

இதோ கேள்வி. ஏன். பதில் தொண்டைவரைக்கும் வந்தது. வந்ததோடு எல்லா முகங்களும் வந்தன: மனைவி, மாமனார், நட்சத்திரம் போட்டவர்கள், நாளைக்கு மசூதி வாசலில் பேச்சை நிறுத்தப்போகிறவர்கள்.

"சும்மாதான்," என்றான். "வழுக்கும்."

பக்கீத் சிரித்தான். "நீ நடந்த வழிதானே மச்சான், கண்ணை மூடிட்டு வரலாம்."

இணைப்பு அறுந்தது.

மறுபடி கூப்பிட்டான். போகவில்லை. திரையில் இப்போது அவனுடைய நீலப்புள்ளி விளிம்பில் இல்லை. பள்ளத்தின் நடுவே இருந்தது. நகர்ந்துகொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் கோடு நெளிந்துகொண்டே வந்தது, கல்லைச் சுற்றி, முள்ளுக்கு ஒதுங்கி.

அங்கே கல் ஏது? முள் ஏது?

மேலே சரிவில் காலடிச் சத்தம். பல பேர். சேறு உறிஞ்சும் சத்தம். வருகிறார்கள். மஹாத் விளிம்புக்கு முதுகைக் காட்டிக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். வெட்கம் போகட்டும். மானம் போகட்டும். அழுகை வந்தது. கத்தினான்.

"நிறுத்துங்க! பக்கீத்! அது பொய்! நான் நடக்கலடா, வீட்ல உக்காந்து விரலால இழுத்தது! நான்தான்! அந்த மனுஷன் என்னாலதான் போனாரு! நிறுத்துங்க!"

காலடிச் சத்தம் நின்றது.

நின்றதே, அல்லாஹ்வே, நின்றதே என்று பாறையில் சாய்ந்தான். சொல்லிவிட்டான். நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, பதில் எதிர்பார்த்து, மேட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான்.

மேட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"மச்சான்." பின்னாலிருந்து.

பள்ளத்திலிருந்து.

"இங்க தரை நல்லாத்தான் இருக்கு. ஏன் அங்கியே நின்னுட்ட?"

திரும்பினான். காற்று ஒருமுறை அடித்து மேகம் விலகியது. பள்ளம் தெரிந்தது; அடியில் மரங்களின் தலை கடுகு கடுகாகத் தெரிந்தது. அதற்கு மேலே, அவன் நிற்கும் மட்டத்திலேயே, ஒன்றுமில்லாத வெளியில், அவர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். நஸ்ரா, பக்கீத், ஊர்ப் பிள்ளைகள். நஸ்ராவின் கை அவளுக்கும் முன்னால், வரிசையின் தலையில் நிற்பவரின் ஈரச் சட்டையைப் பிடித்திருந்தது. புது பூட்ஸ். யாருடைய முகமும் தெரியவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து, கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் அவர்கள் கால்களைச் சுற்றிச் சேறு ஒட்டியிருந்தது.

ஹுமைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓர் அடி பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். வரிசையின் முன்னால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, இடம் விட்டிருந்தார்கள்.