மூன்று விரல் மஞ்சள்

ஏழு விரல் விரித்த கஞ்சா இலையில் மூன்று விரல் மட்டும் மஞ்சளாகியிருந்தது. மற்ற நான்கும் பச்சைப் பசேலென்று நின்றன. கஜந்தினி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூக்கிற காலத்தில் அடி இலைகள் பழுப்பது வழமைதான், சத்தெல்லாம் பூவுக்கு ஓடிவிடும். இரும்புச்சத்துக் குறைந்தால் உச்சிக் குருத்து வெளிறும். மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சளாகும். இதுவோ நடு உயரத்தில், செடிக்கு ஒரே ஒரு இலை. இது என்ன கோதாரி நோய்?

தண்ணீரின் அமிலத்தன்மையை அளந்தாள். வேரைக் கிளறினாள், வெள்ளையாக இருந்தது. பூதக்கண்ணாடியில் ஒரு பூச்சிகூட இல்லை. புவாண்ட்-கிளேர் என்ற அந்தக் குளிர்நாட்டு ஊரில் அரச அனுமதியோடு நடக்கும் அந்த ஜன்னலில்லாக் கட்டடத்தில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் நடந்து வந்தது. முதல் நாள் கதவடிச் செடி, அடுத்த நாள் அதற்கடுத்தது. நாளுக்கு ஒன்றாக இது பதினோராவது. அதற்கப்பால் செடி இல்லை. அவளுடைய மேசைதான்.

மூன்று விரல் என்றதும் அவள் கை வயிற்றுக்குப் போனது. ஏழு மாத வயிறு. முதல் இரண்டும் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை.

தியாகலிங்கம் அண்ணைக்கு இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் ஊரில் சண்டைக்காலத்து ஷெல்லடியில் போனவை. அந்தக் கையால் இலையைத் தடவியே என்ன குறை என்று சொல்லிவிடுவார். நான்கு வருடம் இதே அறையில் ஒன்றாக வேலை. வேலை முடிந்தால் அவள், "போட்டு வாறன் அண்ணை" என்பாள். அவர், "ஓம், வாங்கோ பிள்ளை" என்பார்.

மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைத்தாச்சி செத்தவீட்டுக்குப் போகக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் தடுத்தும், மனம் கேளாமல் போனாள். பெட்டியருகே அழுதுவிட்டுத் திரும்பியபோது, பாழாய்ப்போன பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"போட்டு வாறன் அண்ணை."

அவருடைய மனைவி சிவநேசம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஐயோ, என்ன கதை கதைக்கிறீர்? செத்தவீட்டில சொல்லிப்போட்டுப் போறேல்லையெல்லோ!"

மறுநாள்தான் முதல் இலை பழுத்தது.

பன்னிரண்டாம் நாள். பகல் இரண்டு மணிக்கு விளக்குகள் எரியும்போதுதான் அந்த அறைக்கு விடியும், அதுவரை பூக்கிற செடிகளுக்கு வெளிச்சம் படக்கூடாது. வெளியே வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச, அவள் நெற்றியில், செடிகளைப் பாதிக்காத பச்சை விளக்கைக் கட்டிக்கொண்டு இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க உள்ளே தன் மேசைப் பக்கம் போனாள். பச்சை வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. பூக்களின் புளித்த வாடை, விசிறிகளின் இரைச்சல், எங்கோ குழாயில் சொட்டுகிற தண்ணீர், இவையெல்லாம் அவளுக்குப் பழகியவை. அந்த வாடைக்கு அடியில் தைல மணம் வந்தது. அவர் முழங்காலுக்குப் பூசுகிற தைலம்.

விசிறிகள் நின்றன.

கதவடிச் செடி சலசலத்தது. பிறகு அடுத்தது. காற்றே இல்லை. மூன்றாவது. நான்காவது. ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஓட இருந்த ஒரே வழியில்தான் அது வந்தது. மேசையில் முதுகு முட்டியது. எட்டு. ஒன்பது. கடவுளே.

பத்து.

பதினொன்று.

குளிர்ந்த ஏதோ ஒன்று வயிற்றில் மெதுவாகப் பட்டது. தடவியது. குனிந்து பார்த்தாள், பச்சை வெளிச்சத்தில் வெள்ளை மேலங்கி மட்டும் தெரிந்தது.

"அண்ணை," என்றாள். "தெரியாமச் சொல்லிப்போட்டன் அண்ணை. நான் வரேல்லை."

காதருகே இல்லை. கீழே, வயிற்றருகே, அந்தக் குரல் செல்லமாகச் சொன்னது.

"வா பிள்ளை."

அவளை அவர் ஒருநாளும் 'வா' என்றதில்லை. எப்போதும் 'வாங்கோ'தான்.

இரண்டு மணி. விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. மேலங்கியையும் சட்டையையும் விலக்கினாள். தொப்புளுக்கு மேலே, தோலில், மூன்று விரல் தடவிய தடமாய் மூன்று மஞ்சள் கோடுகள்.

காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையவில்லை.