அதே இருமல்

உள்ளான் பறவைகள் எதுவும் சேற்றைக் கொத்தவில்லை. தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம், அவற்றுக்கு விருந்து நேரம். ஆனால் கழிமுகத்துச் சேறு முழுக்க நின்ற அத்தனை பறவைகளும் சத்தமே இல்லாமல் நாணல் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றன. பறவை பார்க்கும் மரக்குடிலின் சன்னல் வழியே மருந்துக்கடைக்காரன் பைனாகுலரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்த அத்தானுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பெயர்பெற்ற பல் டாக்டர்; விடுமுறை வந்தால் பறவைப் பைத்தியம். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் நடமாடுகிறார். அவரைச் சேற்றில் இறங்கவிடாமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதாக அக்காவுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அத்தான் தேடி வந்தது கொக்கு இனத்துச் செங்குருகு. நாணலைவிட்டு லேசில் வெளியே வராது. அதை வரவழைக்க அவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால், தன் இனம்தான் கூப்பிடுகிறதென்று நம்பி வந்துவிடும். ஏமாந்த சோணகிரி என்று அத்தான் சிரிப்பார். இன்றும் ஒலிக்கவிட்டார்.

நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது. அதே குரல், அதே ஏற்ற இறக்கம், பதிவின் நடுவே இருந்த கரகரப்பு உட்பட. அந்தக் கரகரப்பு பறவைக்கு எப்படி வந்தது என்று அவன் யோசிப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார்.

“பலகைப் பாதையவிட்டு இறங்க மாட்டேன்டா. உங்க அக்காகிட்ட போட்டுக் கொடுக்காதே.”

நாணல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த பனிமூட்டம் அவரை விழுங்கியது. ஈரச் சேற்றின் வாடையும் அழுகிய மீன் வாடையும் மெல்ல ஏறிவந்து குடிலை நிறைத்தன. பிறகு தண்ணீர் சளக்கென்றது. ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், அதையடுத்து எதுவோ முறியும் சத்தம். அவன் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பினான்; பனிதான் தெரிந்தது.

“டேய், சீக்கிரம் வா. இந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்ல.” அத்தானின் குரல்தான். கடைசியில் ஒரு சின்ன இருமல்.

போன உயிர் திரும்பி வந்தது. மனதுக்குள் அத்தானைத் திட்டிக்கொண்டே பலகையில் இறங்கி நடந்தான்.

“அத்தான், எங்க நிக்கிறீங்க?”

“டேய், சீக்கிரம் வா. இந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்ல.” இருமல். அதே இருமல்.

கால்கள் நின்றன. அந்தக் கரகரப்பு நினைவுக்கு வந்தது. சேற்றிலிருந்த பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பிப் போயின. ஓடிவிடலாம். ஆனால் அவர் உயிரோடு கிடந்தால்? அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? நடந்தான்.

பலகையில் ரத்தம். சூடாக, ஆவி பறக்க. ஒரு ரப்பர் பூட்ஸ். உள்ளே கால் இருந்தது.

நாணல் விலகியது.

அத்தானின் முகம். அவன் உயரத்துக்கு நேராக. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை, கறுத்த ஈரமான கை ஒன்றைத் தவிர. அது தொண்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது. கண்கள் அசையவில்லை. பல் டாக்டர் நாற்காலியில் படுத்த நோயாளிபோல வாய் அகலமாகத் திறந்தது.

“அத்தான், எங்க நிக்கிறீங்க?” என்றது, அவனுடைய குரலில்.