வேறொரு தோளுக்கான தோட்டா

முந்நூறு மேக்னம் தோட்டா. எல்க் மானுக்கு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், ஐநூறு கஜம். வண்டியில் வரும்போது டுவேன் சொல்லிக்கொடுத்ததை லீட்டா மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிசகாமல் சொல்லிவிட்டால் இந்தக் கடையிலிருந்து சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அப்புறம் அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வரும். படுக்கையறையில், அவன் படுக்கும் பக்கமாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். அதன் பிறகு அந்த வீட்டில் அவளால் கண்ணை மூட முடியாது.

கடைக்கு முன்பக்கம் ஒரே வாசல்தான். ஜாக்கெட் பைகளில் கைகளை விட்டபடி அதன் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான் டுவேன்.

"என் பொண்டாட்டிக்கு ஒரு துப்பாக்கி செய்யணும். எந்தத் தோட்டாவுக்குன்னு அவளே சொல்வா. சொல்லு கண்ணு."

சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

பட்டறை மேசைக்குப் பின்னால் இருந்த வெர்னா ஹோக்லண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த மாவட்டக் காவல் துறையில் பாதி ஆயுளைத் துப்பறிவதில் கழித்துவிட்டு, மீதியைத் துப்பாக்கி செய்வதில் கழிப்பவள். துப்பாக்கிக்கு மரக்கட்டை செதுக்கும் அவளுடைய தொழில் கூட்டாளி கிளெம், கையில் உளியோடு எட்டிப் பார்த்தான்.

"முந்நூறு மேக்னமா! அது உதைச்சா என் பல்லு செட்டு வயோமிங்ல போய் விழும். நீங்க எப்படி மேடம் தாங்குவீங்க?"

"அவங்க சொல்லட்டும் கிளெம்," என்றாள் வெர்னா. "முன்னாடி எதுல சுட்டிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு டுவேன் பதில் சொல்லித் தரவில்லை. "அப்பாவோட சின்ன இருபத்திரண்டு துப்பாக்கில. தகர டப்பாவை."

"குறி தப்பாது அவளுக்கு," என்று டுவேன் சிரித்தான்.

வெர்னா ரப்பர் விரிப்பின் மேல் மூன்று தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினாள். சின்னது, நடுத்தரம், பெரியது. "எடுத்துப் பாருங்க. எது கைக்குப் பிடிக்குதுன்னு."

லீட்டாவின் இடது கை தானாக நடுத் தோட்டாவுக்குப் போனது. பித்தளை குளிர்ந்திருந்தது. வாசல் பக்கம் டுவேன் தொண்டையைச் செருமினான். அதை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தாள்.

"நடுவுல இருக்கற அந்த ஏழு மில்லிமீட்டரே போதும்," என்றாள் வெர்னா. "முந்நூறு கஜத்துக்குள்ள எல்க் மான் சாய்ஞ்சுடும். தோளும் மிஞ்சும்."

"போதாது. முந்நூறு மேக்னம்தான். தோட்டா ஏத்தற போல்ட் வலது பக்கம்," என்றான் டுவேன். "தோட்டா நீங்க விக்க வேணாம். வீட்ல நாலு பெட்டி கெடக்கு."

வெர்னா ஜன்னல் வழியே பார்த்தாள். பனி விழத் தொடங்கியிருந்தது. அவர்கள் வண்டியின் பின்புறத்தில் நீளமான வில் பெட்டி ஒன்று கிடந்தது. துப்பாக்கி வேட்டைக்கான பருவம் சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டது.

"கிளெம், அந்தச் செஞ்சு முடிச்ச துப்பாக்கியை சார்கிட்ட குடு. எடை பாத்துக்கட்டும்."

கிளெம் இரண்டு கைகளாலும் நீட்டினான். டுவேனின் கண்கள் குழல் முழுவதையும் தடவிவிட்டு வந்தன. தோள்கூட ஒரு விரற்கடை முன்னால் வந்தது. கைகள் மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

"வேணாம். கையெல்லாம் கிரீஸ்."

"கல்யாண கேக்கா குடுக்கறோம்? பிடிங்க சார்!"

"வேணாம்னு சொன்னேன்ல."

வெர்னா தலையசைத்தாள். "சரி. பின்னால கொட்டகைல வால்நட் மரம் இருக்கு. கட்டைக்கு எதுன்னு பாத்துட்டு வாங்க."

டுவேன் மனைவியைப் பார்த்தான். "இதோ வந்துடறேன்," என்றான். கதவைப் பூட்டுவது போலிருந்தது அது.

பின்னால் போகும்போது கிளெம், வெர்னாவின் காதருகே கிசுகிசுத்தான். "ரொம்பப் பாசம் போல. பொண்டாட்டிக்கு உசத்தியானதா பாத்து வாங்கறான்."

"மரத்தை நிதானமா காட்டு," என்றாள் வெர்னா.

அவர்கள் போனதும் ஒரு கோப்பை காப்பி ஊற்றி லீட்டாவின் முன்னால் வைத்தாள். "நீங்க எதுவும் சொல்ல வேணாம். பாத்ததை நான் சொல்றேன். நீங்க இடது கைக்காரி. அவர் கேக்கறது வலது கை போல்ட். நீங்க சுட்டது தகர டப்பா. ஆனா வீட்ல முந்நூறு மேக்னம் நாலு பெட்டி. அப்போ அதுக்கான துப்பாக்கி ஒண்ணு இருந்திருக்கு, இப்ப இல்ல. தானா விரும்பி வித்தவன் தோட்டாவையும் சேத்து வித்திருப்பான். துப்பாக்கி வேட்டை நடக்கறப்ப வண்டில வில்லு. எல்லாத்தையும் விட, துப்பாக்கிக் கடைக்குள்ள வந்து எதையும் தொடாத வேட்டைக்காரனை இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆசை இல்லாம இல்ல. தொடக்கூடாது. கோர்ட்டு பிடுங்கியிருக்கு."

லீட்டாவின் விரல்கள் கன்னத்து எலும்பில் இருந்த பழைய காயத்துக்குப் போய்விட்டுத் திரும்பின.

"எதுக்காகப் பிடுங்கினாங்கன்னும் இப்பத் தெரியுது," என்றாள் வெர்னா மெதுவாக. "உங்க பேர்ல வாங்கினா, பொய்க் கையெழுத்து உங்களோடது. ஜெயிலுக்குப் போறதும் நீங்க. துப்பாக்கி மட்டும் அவனோடது."

"நான் எங்க தப்பா சொன்னேன்?" என்றாள் லீட்டா. அவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதே அவளுடைய முதல் நினைப்பாக இருந்தது.

"நீங்க தப்பா எதுவும் சொல்லல. தப்பு பண்ணது அவன். இந்த நடுத் தோட்டாவைக் கேட்டிருந்தா நானே நம்பி உங்க தோளுக்கு அளவு எடுத்திருப்பேன். அவனால முடியல. பொய்க்குக்கூடத் தனக்குப் பிடிக்காத தோட்டாவுல துப்பாக்கி செய்ய மனசு வரல."

லீட்டா விரிப்பைப் பார்த்தாள். இத்தனை வருடமாக, எல்லாவற்றையும் அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறான், எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவன் நிற்பான் என்றே நம்பியிருந்தாள். ஆனால் இந்தப் பித்தளைத் துண்டு அளவுக்கு ஒரு இடம் அவன் விட்டிருக்கிறான்.

"எப்படியும் நான் விக்கப் போறதில்ல," என்றாள் வெர்னா. "ஆனா அடுத்த ஊர்லயும் கடை இருக்கு. அங்க நான் இருக்க மாட்டேன். போறதுக்கு இடம் இருக்கா?"

"பில்லிங்ஸ்ல தங்கச்சி."

"கிளெம் கொண்டுபோய் விடுவான். வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவான், அதைத்தான் பொறுத்துக்கணும்."

லீட்டாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

பின்கதவு திறந்தது. பூட்ஸில் பனியோடு டுவேன் வந்தான். பின்னாலேயே வந்த கிளெம், வெர்னாவின் முகத்தைப் பார்த்தான். நேராக நடந்து போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"முடிஞ்சுதா? கையெழுத்தைப் போடு கண்ணு. ரோடு மூடிடும்."

துப்பாக்கியைக் கையில் வாங்கும் நாளில் சட்டம் கேட்கும் கேள்வியை, ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவது வெர்னாவின் வழக்கம். தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள். "இந்தத் துப்பாக்கி உங்களுக்காகத்தானா?"

இதற்கும் அவன் பதில் சொல்லிக் கொடுத்திருந்தான். அது நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. லீட்டா இடது கையால் பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, பேனாக்கள் இருந்த தகர டப்பாவில் திரும்ப வைத்தாள்.

"இல்ல."

டுவேனின் கைகள் அப்போதுதான் பையை விட்டு வெளியே வந்தன. வெர்னா எழுந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், வாசலில் நின்ற கிளெமைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வண்டில ஏறு. வீட்ல பேசிக்கலாம்."

ஒருவர் போகும் அளவுக்குக் கிளெம் வாசலை விட்டு விலகினான். குளிர்காற்று உள்ளே வந்தது. லீட்டா எழுந்திருக்கவில்லை.

"நான் காப்பி குடிச்சிட்டிருக்கேன், டுவேன்," என்றாள்.