நாற்பது உறை முடி

இருபது வருடம் ஓடிவிட்டது. ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் அந்த நவம்பர் மழை ரௌதாவுக்கு இன்னும் காதில் கேட்கிறது...

பழைய கார் பேட்டரிகளை உருக்கும் சந்து அது. மழைக்கு ஒதுங்க முனைச் சலூனுக்குள் ஓடினாள். உள்ளே சலூன்காரன் நிஸார் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"கூட்டாதீங்க."

அவன் நிமிர்ந்தான். தேன் நிறக் கண்கள்... சொல்ல வந்தது அவளுக்கு ஒரு நொடி மறந்தே போனது.

"குப்பை மேல அவ்ளோ பாசமா?"

"நான் ஆராய்ச்சி பண்றேங்க. இந்தச் சந்துல வேலை செய்றவங்க உடம்புல ஈயம் ஏறுது. வைட்டமின் சி நிறைய சாப்பிடறவங்களுக்குக் கம்மியா ஏறுதான்னு பாக்கணும். ஈயம் முடியில தெரியும்."

"அப்போ முடி வெட்ட வர்றவன்கிட்ட ஆரஞ்சு சாப்பிட்டியான்னு நான் கேக்கணுமா, டாக்டரம்மா?"

"ஆமா. நாப்பது பேர். ஆளுக்கொரு உறை. கலந்துடக் கூடாது. கலந்தா யார் சாப்பாடு, யார் ஈயம்னு தெரியாது."

"மறுபடி எப்ப வருவீங்க?"

"நாப்பது சேர்ந்ததும்."

பத்தே நாளில் போன் வந்தது. உறைகளை வாங்கிக்கொண்டு சந்தில் நடந்தாள். ஒரு பட்டறை வாசலில் யாரோ "ஸாலிஹ்" என்று கூப்பிட, ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தபடி திரும்பினார். முழு வழுக்கை. கையிலிருந்த உறை ஒன்றிலும் அதே பெயர், அதே பட்டறை... உள்ளே கொத்தாகக் கறுப்பு முடி.

திரும்பி வந்தாள். "ஸாலிஹ் தலையில எங்கேங்க முடி எடுத்தீங்க?"

நிஸாரின் முகம் வெளுத்தது. வந்தவர்கள் பதினெட்டு பேர்தான். மீதி உறைகளில் தரை முடியை அள்ளிப் போட்டிருந்தான். மன்னிப்பு தொண்டை வரை வந்தது. ரோஷம் முந்திக்கொண்டது.

"முடிதானே... எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு அப்படி இல்லங்க. எந்த உறை நிஜம்னு இனிமே எப்படி நம்புவேன்? ஜனவரிக்குள்ள ஆய்வைக் கொடுக்கலைன்னா ஒரு வருஷம் போச்சு."

நிறைந்த கண்ணைக் காட்டாமல் மழையில் இறங்கினாள்.

மறுநாள் சலூன் திறக்கவில்லை. கத்தரிக்கோலும் புது உறைகளுமாய் அவன் பட்டறை பட்டறையாக ஏறினான். பிடரியில் ஒரு வெட்டு, கூடவே கேள்வி.

"நேத்து என்ன சாப்பிட்டே? ஆரஞ்சு எத்தனை? குடைமிளகாய்?"

"ஏன்டா, எங்களுக்குச் சமைச்சுப் போடப் போறியா?"

சந்தே சிரித்தது. காது சிவக்க அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது வாரம் அவள் கல்லூரி வாசலில் நின்றான். கோட்டுக்குள் அணைத்திருந்த உறைகள் நனையவில்லை... அவன்தான் சொட்டச் சொட்ட.

"நாப்பது உறை, நாப்பது தலை. ஸாலிஹை விட்டுட்டேன்."

உதட்டைக் கடித்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னைக்கு ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

"நாப்பது சேர்ந்தாதான் வருவேன்னீங்க. எனக்கு... அதுவரைக்கும் பொறுக்க முடியல. தப்புதான், ரௌதா."

அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

"நாப்பது பேர்கிட்ட என்ன சாப்பிட்டேன்னு கேட்டாச்சு. உங்ககிட்ட மட்டும் கேக்கல. உங்ககிட்ட... தினமும் கேக்கணும்னு ஆசை."

அவள் உறைகளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எதிர்க் கடையில் கொண்டைக்கடலை சூப் ஆவி பறந்தது.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல," என்றாள் மெதுவாக. "வாங்க... சேர்ந்து சாப்பிடலாம்."